ஓஎஸ் போட்டுத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருப்பவர்களுக்கும், சின்ன ஊர்களில் பேருந்து நிலையத்துக்கு எதிரே 'கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்டு சர்வீஸ்' என்று போர்டு மாட்டியிருப்பவர்களுக்கும், கடையே இல்லாமல் பைக்கில் ஒரு பையுடன் வீடு வீடாகப் போய்ச் சிஸ்டத்தைச் சரிசெய்து தருபவர்களுக்கும்,



பாஸ்வேர்டை வலுவாக வையுங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று பொதுமக்களுக்குப் புத்தி சொல்லும் கட்டுரைகள் வண்டி வண்டியாக வந்துவிட்டன. போலீஸும் சொல்கிறது, வங்கியும் மாதம் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. அதே பாட்டை இன்னொரு முறை பாட இந்த மடல் வரவில்லை. நம் ஊரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்குமா என்பதை அதை வாங்கியவர் தீர்மானிப்பது அபூர்வம். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆன் செய்வதற்கு முன்பே, உங்கள் மேசையில், ஒரு மணி நேரத்துக்குள் அது முடிவாகிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

அதில் நடப்பது உங்களுக்கு மனப்பாடம். சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவைச் சொருகி பூட் செய்கிறீர்கள். சி டிரைவை ஃபார்மட் போட்டு விண்டோஸ் ப்ரோ ஏற்றுகிறீர்கள். டிரைவர் பேக் ஓடுகிறது. பிறகு செட்டிங்ஸுக்குப் போய் டிஃபெண்டரை அணைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாக எழுந்துகொள்ளும் என்பதால் சி டிரைவ் முழுவதையும் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேர்த்துவிடுகிறீர்கள். இப்போது ஆக்டிவேட்டர். கறுப்புத் திரையில் நாலு வரி ஓடி முடிகிறது. அப்டேட் வந்தால் ஆக்டிவேஷன் போய்விடுமே என்று சர்வீசஸ் பட்டியலைத் திறந்து விண்டோஸ் அப்டேட்டை டிஸேபிள் செய்கிறீர்கள். அடுத்தது 'ஃபுல் பேக்': கிராக் செய்த ஆபீஸ், போட்டோஷாப், பேஜ்மேக்கர் 7, டாலி, யாரோ எப்போதோ கட்டிவைத்த தமிழ் ஃபான்ட் மூட்டை. கடைசியாக, பிரச்னை என்றால் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு எனிடெஸ்க். அதற்கு எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

ஐந்நூறு ரூபாய். அதிலும் நூறு குறைக்கச் சொல்வார்கள்.

எல்லாக் கடையும் இப்படித்தான் என்று சொன்னால் அநியாயம். லைசென்ஸைப் பில்லோடு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காமலே பேக்கப் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய புகார் இதில் எதுவும் இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் பெயர்பெற்ற ரேன்சம்வேர் குடும்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்களே? பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும். கல்யாண போட்டோ, பட்டா ஸ்கேன், மகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத வால் ஒன்று முளைத்திருக்கும். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கும். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி, 490 என்று ஆடித் தள்ளுபடி பாணியில் அதில் எழுதியிருக்கும். மருத்துவமனை, தொழிற்சாலை என்று பெரிய இடமாகப் பார்த்துக் குறிவைக்கும் கும்பல்கள் வேறு. இது வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடி வருவது. வரும் வழி பெரும்பாலும் கிராக், கீஜென், ஆக்டிவேட்டர்.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஓடத் தொடங்கியதும் விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோல ஒரு போலித் திரையைக் காட்டும். டிஸ்க் ஏன் இப்படி இரைகிறது என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா? ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவும். அதனால் ஆயிரக்கணக்கான போட்டோக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கைவைத்து, உதவி தேடிப் போகும் தளங்களைத் திறக்கவிடாமல் அடைக்கும். போகிற போக்கில் ஆஸொரல்ட் என்ற பாஸ்வேர்டு திருடியையும் உள்ளே இறக்கிவிட்டுப் போனதுண்டு. இத்தனையும் நடக்கும்போது தடுத்திருக்க வேண்டிய டிஃபெண்டர் எங்கே இருந்தது? சி டிரைவ் பக்கமே திரும்பிப் பார்க்காதே என்று நீங்கள்தான் அதற்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதன் 148 வகைகளைத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டது. அதன் பிறகு வந்த வகைகளில், வைரஸ் தன் சர்வரை எட்ட முடியாமல் ஆஃப்லைன் சாவியால் பூட்டியிருந்தால் மட்டுமே மீட்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே அப்படி ஒரு சிஸ்டம் கடைக்கு வந்தால், 'எல்லாம் போச்சு சார், ஃபார்மட் போட்டுடலாம்' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு, தேதி எழுதி வாடிக்கையாளரிடமே கொடுத்துவிட்டு, வேறு டிஸ்க்கில் ஓஎஸ் போடுங்கள். இன்று திறக்காத பூட்டுக்கு நாளை சாவி வரலாம். ஃபார்மட் போட்டுவிட்டால் வந்தும் பயனில்லை.

ரேன்சம்வேராவது சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. திருட்டு ஆக்டிவேட்டரோடு வரும் இன்னொரு வகை, சத்தமே இல்லாமல் வேலையை முடித்துவிடுகிறது. கேஎம்எஸ்பிகோ என்ற பெயரை உங்களில் அறியாதவர் இருக்க முடியாது. அந்தப் பெயரில் உலவும் போலி இன்ஸ்டாலர்கள் கிரிப்ட்பாட் என்ற திருடியைச் சுமந்து வருவதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. இந்த வகைத் திருடிகள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி கையில் கிடைத்தால், ஏற்கனவே லாகின் செய்து வைத்திருக்கும் ஜிமெயிலுக்குள் ஓடிபி கேட்காமலே நுழைந்துவிட முடியும். வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் படம் பார்த்துக்கொண்டிருப்பார். லும்மா என்ற இன்னொரு திருடி, 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அதன் 2,300 டொமைன்களை முடக்க வேண்டியிருந்தது. 'என் சிஸ்டத்தில் என்ன இருக்கிறது திருட' என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நீங்கள் தலையாட்டுகிறீர்கள். அவருடைய ஜிமெயில் இருக்கிறது. அதற்குள் வங்கிக் கணக்கு அறிக்கை, ஆதார் பிடிஎஃப், மகனின் சர்டிபிகேட் எல்லாம் இருக்கின்றன.

அப்டேட்டை நிறுத்தி வைப்பதன் விலையை உலகமே ஒருமுறை பார்த்தது. வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. வான்னாக்ரை வந்தது மே 12. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. ஆனாலும் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு தடுமாறியது. பக்கத்தில் ஆந்திரப் போலீஸின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அப்டேட் போடாத விண்டோஸ் 7. எந்த விண்டோஸ் 7? 'அப்டேட் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், ஸ்லோ ஆகாது' என்று நம் ஊர்க் கடைகளில் சொல்லிக் கொடுத்தார்களே, அதே மாதிரியானதுதான்.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லப்போகும் பதில் தெரிந்ததே. 'கஸ்டமர் காசு தர மாட்டேங்கிறார், நாங்க என்ன செய்ய? நான் போடலைன்னா எதிர்க்கடையில போட்டுக்குவார்.' நியாயமான சங்கடம்தான். சிஸ்டமே பழையது, பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கியது என்னும்போது, விண்டோஸுக்கு மட்டும் பத்தாயிரத்தை ஒட்டிக் கொடு என்றால் யார் கொடுப்பார்? ஆனால் இந்தப் பதில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது. உங்கள் மேசைக்கு வரும் லேப்டாப்களில் எத்தனை, விண்டோஸோடு சேர்த்தே விற்கப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அப்படி வரும் மெஷின்களின் பயாஸ் சிப்பிலேயே லைசென்ஸ் கீ பதிந்திருக்கிறது. அது ஹோம் என்றால் நீங்களும் ஹோம் பதிப்பையே ஏற்றுங்கள். நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆக்டிவேட்டரே வேண்டாம். ஆனால் உங்கள் பென் டிரைவில் இருப்பது ப்ரோ. 'ப்ரோ போட்டிருக்கேன் சார்' என்றால் கேட்க ஜோராக இருக்கிறது. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸை அழித்துவிட்டு, அவர் கேட்காத திருட்டுப் பதிப்பை ஏற்றி, அதற்குக் கூலியும் வாங்குவது என்ன கணக்கு?

லைசென்ஸ் இல்லாத அசெம்பிள் சிஸ்டத்திலும் ஆக்டிவேட்டர்தான் ஒரே வழி என்றில்லை. ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ் மூலையில் ஒரு வரியைக் காட்டிக்கொண்டிருக்கும், வால்பேப்பர் மாற்றவிடாது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் அதற்கும் வரும், டிஃபெண்டரும் ஓடும். லைசென்ஸ் வாங்காதது வாங்காததுதான். அந்தக் குறையை நியாயப்படுத்த வேண்டாம். திருட்டு ஆக்டிவேட்டர் ஓடிய மெஷினைவிட அது பத்திரம் என்பது மட்டும் உண்மை. தட்டச்சும் பிரவுசரும் போதும் என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு லினக்ஸ் ஏன் காட்டக் கூடாது? சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பக்கத்துப் பார்ட்டிஷனில் உட்கார்ந்திருந்தது. இடம் அடைக்கிறது என்று அதைத் தூக்கி எறிந்த கைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவதற்கு, 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வழக்கு வந்தால் கம்ப்யூட்டர் யாருடையதோ அவர்தான் முதலில் நிற்பார். இதையும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

புதிய லேப்டாப்களில் இன்னொரு ஆபத்து. இது திருட்டுச் சரக்கால் வருவதில்லை, அவசரத்தால் வருவது. விண்டோஸ் 11 செட்டப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. வாடிக்கையாளருக்கு அது என்னவென்று தெரியவில்லை, வரிசையில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். நீங்கள் உங்கள் கணக்கையே போட்டுவிடுகிறீர்கள், அல்லது அந்த நேரத்துக்கு ஒன்றை உருவாக்கி மறந்துவிடுகிறீர்கள். 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்யும் பெரும்பாலான லேப்டாப்களில், கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு வருடம் கழித்து பயாஸ் அப்டேட்டோ மதர்போர்டு மாற்றமோ நடக்கும். நீலத்திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். எந்த ரேன்சம்வேரும் வராமலே டிஸ்க் பூட்டிக்கொண்டது. சாவி, நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு ஈமெயிலில். அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அடுத்தது சொல்லக் கூசும் விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆடியோ டிரைவரை மட்டும் அணைத்துவைத்த லேப்டாப்களைப் பதினாறு சர்வீஸ் கடைகளில் கொடுத்தார்கள். உள்ளே நடப்பதைப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு. 2022-ல் வெளியான முடிவின்படி ஆறு கடைகளில் சொந்த ஃபைல்களைத் துருவியிருந்தார்கள். இரண்டில் தங்கள் டிரைவுக்கே நகல் எடுத்திருந்தார்கள். பெண்ணின் லேப்டாப் என்றால் துருவல் கூடுதல். ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் படங்கள் 2008-ல் ஊரெல்லாம் பரவியதும் ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பிலிருந்துதான்; நகல் எடுத்த டெக்னீஷியன் சிறைக்குப் போனார். சவுண்டு வரவில்லை என்று வந்த லேப்டாப்பில் டி டிரைவுக்குள் யாருக்கும் வேலை இல்லை. கடைப் பையன்களுக்கு இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா?

எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த இரண்டு மாணவர்கள் 158 செகண்டு ஹேண்டு டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, 2003-ல் முடிவை எழுதினார்கள். ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12. மற்றவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. பழைய கதைதான், ஆனால் குவிக் ஃபார்மட் போட்டு அடுத்தவருக்கு விற்கும் பழக்கம் பழையதாகிவிட்டதா?

அவசரமாக இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவித்தார்கள். கம்பெனிகளிலிருந்து மொத்தமாக வரும் நாலாம், ஆறாம் தலைமுறை லேப்டாப்கள்தான் உங்கள் ரீஃபர்பிஷ்டு வியாபாரத்தின் உயிர்நாடி. அவை விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட தகுதிப் பட்டியலில் இல்லை. 'நல்ல ஸ்பீடு சார், எஸ்எஸ்டி போட்டிருக்கு' என்று விற்கும்போது இந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விற்றால் அது மறைத்து விற்றதாகத்தான் ஆகும்.

உங்கள் தொழிலுக்கும் வைரஸ் வரலாற்றுக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. ஐபிஎம் பிசியைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் பிரெயின், 1986-ல் லாகூரில் உங்களைப் போலவே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அம்ஜத், பாசித் என்ற இரண்டு சகோதரர்களின் கைவேலை. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டிருந்தார்கள். மருந்து வேண்டுமானால் எங்களிடம் வாருங்கள் என்று. இன்று உங்கள் பென் டிரைவில் இருக்கும் ஆக்டிவேட்டரைக் கட்டியவர் எந்த முகவரியும் விட்டுவைக்கவில்லை. பிரச்னை வந்தால் வாடிக்கையாளருக்குத் தெரிந்த ஒரே முகவரி உங்களுடையதுதான்.

ஆகவே கேட்பது இதுதான். ஓஎஸ் போட்டு முடித்ததும் பில்லோடு அரைத்தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, லைசென்ஸ் எங்கிருந்து வந்தது, அதற்கு எந்தத் தேதி வரை அப்டேட் வரும் என்று அதில் இருக்கட்டும். டிஃபெண்டர் ஓடுகிறது, எக்ஸ்க்ளூஷன் பட்டியல் காலியாக இருக்கிறது, அப்டேட் ஆன் என்பதை வாடிக்கையாளர் முன்னாலேயே திறந்து காட்டி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கை அவருடைய சொந்த ஈமெயிலில், அவர் போன் நம்பரில் தொடங்குங்கள். அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, பீரோவில் பத்திரத்தோடு வைக்கச் சொல்லுங்கள். அட்மின் கணக்கைத் தனியாக வைத்து, தினமும் புழங்க ஒரு சாதாரணக் கணக்கு போட்டுக் கொடுங்கள். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை நீங்களே விற்று, மாதம் ஒருமுறை போட்டோவை அதில் நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வைப்பது எப்படி என்று பத்து நிமிடம் கற்றுக்கொடுங்கள். சொருகியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எனிடெஸ்க் வேண்டுமென்றால் தேவைப்படும் அன்று மட்டும் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணையும் தாளின் அடியில் எழுதுங்கள்.

இத்தனைக்கும் ஐந்நூறு ரூபாய் கட்டாது. ஆயிரம் கேளுங்கள். ஊருக்கு ஊர் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. வாடகைக்கும் ஜிஎஸ்டிக்கும் கூடிப் பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் பேசுங்கள். கிராக் போட்டுத் தருவதில்லை, அரைத்தாள் இல்லாமல் சிஸ்டத்தை வெளியே அனுப்புவதில்லை என்று ஒரு ஊரின் கடைகள் சேர்ந்து முடிவெடுத்தால், எதிர்க்கடைக்கு ஆள் போய்விடுவார் என்ற பயத்துக்கு இடமிருக்காது.

புதிதாக வருபவர்களுக்கு மட்டும் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நீங்கள் ஏற்கனவே ஓஎஸ் போட்டுக் கொடுத்தவர்களின் நம்பர்கள் உங்கள் போனிலேயே இருக்கின்றன. இந்த வாரம் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு, சிஸ்டத்தை ஒருமுறை கடைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். அந்த எக்ஸ்க்ளூஷனை எடுத்துவிட்டு, ஸ்கேன் ஒன்றைப் போட்டு, அப்டேட்டைத் திரும்ப ஆன் செய்து அனுப்புங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேசையில் சிஸ்டத்தை வைத்துவிட்டு 'எப்ப வந்து எடுத்துக்கலாம்ணே' என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களின் சார்பாக.